சைடு டெக்கும் பச்சையம்மனும்

ஆர்டர் போட்டுவிட்டுக் கருத்துக் கேட்பது எங்கள் தாளாளர் கொளஞ்சியப்பனின் வழக்கம். பெஞ்சு வாங்கியபோதும் அப்படித்தான் செய்தார். பள்ளி மணியை எடுத்துவிட்டு ஸ்பீக்கர் வைத்தபோதும் அப்படித்தான். புல் வெட்டும் டிராக்டர் விஷயத்தில் மட்டும் வேறு மாதிரி நடப்பார் என்று நான் எதை வைத்து நம்பினேன் என்று எனக்கு இன்னமும் புரியவில்லை.

நான் இசைவாணி. கள்ளக்குறிச்சியிலிருந்து வடக்கனந்தல் தாண்டி மலையடிவாரத்துக்குப் போகும் வழியில் உள்ள ஒரு தனியார் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியை. மைதானத்தில் பிள்ளை விழுந்தாலும் என் தலை, புல் வளர்ந்தாலும் என் தலை. இந்த வருஷம் ஆடியில் விட்டு விட்டு மழை பெய்து புல் முழங்காலைத் தொட்டுவிட்டது. தோளில் மாட்டிக்கொண்டு வெட்டும் மெஷினோடு வழக்கமாக வருகிற ஆள் மைதானத்தை ஒரு பார்வை பார்த்தார். அவசர வேலை இருப்பதாகச் சொல்லிவிட்டுப் போனவர் அதன் பிறகு போனையே எடுக்கவில்லை. காலைப் பிரேயரில் ஒரு சாரைப்பாம்பு வந்து கலந்துகொண்ட பிறகுதான் நிர்வாகத்துக்கு ரோஷம் வந்தது.

தாளாளர் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டு போனில் படம் காட்டினார். உட்கார்ந்து ஓட்டுகிற சின்னச் சிவப்பு டிராக்டர். அதன் வயிற்றுக்கு அடியில் கவிழ்த்துவைத்த தாம்பாளம் போல ஒரு இரும்புப் பெட்டி. அதற்குள்தான் பிளேடு சுற்றுகிறது. அந்தப் பெட்டியை டெக் என்கிறார்கள்.

“டெக்குல ரெண்டு தினுசு இருக்குதாம் டீச்சர். ஒண்ணு வெட்டுன புல்லை சைடுல வீசும். இன்னொண்ணு பின்னாடி தள்ளிக்கினே போவும். கிரவுண்டு உங்களுது. இன்னா சொல்றீங்க?”

கிரவுண்டு உங்களுது என்ற வார்த்தையில் நான் ஏமாந்துபோனேன். நிமிர்ந்து உட்கார்ந்து விளக்க ஆரம்பித்தேன்.

“பின்னாடி தள்றதையே வாங்குங்க சார். கிரவுண்டச் சுத்தி எந்நேரமும் பசங்க நிக்குதுங்க. சைடு வாயில ஒரு கல்லு மாட்டுச்சுன்னா யாரு கண்ணுல போவும்னு சொல்ல முடியாது. பின்னாடின்னா தரையப் பாத்து விழும். புல்லும் ஒரே பக்கமா குமியாம பரவலா கெடக்கும்.”

எல்லாவற்றையும் கேட்டார். பொறுமையாகத் தலையை ஆட்டினார். பிறகு, “சைடு சொல்லிட்டேன். வெள்ளிக்கெழம வருது” என்றார்.

“அப்பறம் எதுக்கு சார் என்ன கேட்டீங்க?”

“உங்க அபிப்பிராயமும் தெரிஞ்சிக்கலாம்னுதான்.”

அவரிடமும் ஒரு காரணம் இருந்தது. உயர்ந்த புல், ஈரப் புல் என்றால் சைடு டெக்தான் அடைக்காமல் தள்ளுமாம். பின்னால் தள்ளுவது வாரா வாரம் வெட்டி அழகு பார்க்கிறவர்களுக்காம். “நம்ம புல்லு அப்பிடியா இருக்குது?” என்று கேட்டார். அப்படி இல்லைதான். அவர் சொன்னது உண்மை என்பதால் எனக்கு எரிச்சல் இன்னும் ஜாஸ்தியானது.

எங்கள் மைதானத்தைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். அது முன்பு கொளஞ்சியப்பன் குடும்பத்தின் கரும்புக்கொல்லை. கொல்லைக்கு நட்டநடுவில் அவர்களுடைய குலதெய்வம் பச்சையம்மன் இருந்தாள். ஒரு வேப்பமரம், அதன் கீழ் சின்னக் கோயில், கோயிலுக்கு வெளியே காவலுக்குச் சுதையில் செய்த வாழ்முனி சிலை. முனி ஆளுயரத்துக்கு மேல் இருப்பார், முறுக்கிய மீசையோடு உட்கார்ந்திருப்பார். கரும்பு போய்ப் பள்ளிக்கூடம் வந்தது. அம்மன் போகவில்லை. சமமான தரை அது ஒன்றுதான் என்பதால் பிள்ளைகள் ஓடுவதற்குச் சுண்ணாம்புக்கோடு போட்ட பாதையும் அம்மனைச் சுற்றித்தான் போகிறது.

ஓட்டப்பந்தயம் என்றால் எந்த ஊரிலும் நடுமைதானம் இடக்கைப் பக்கம் இருக்கும்படிதான் சுற்றி ஓடுவார்கள். அம்மனை அப்படிச் சுற்ற முடியுமா? கோயில் என்றால் வலம்தான் வரவேண்டும். சாமி வலக்கைப் பக்கம் இருக்க வேண்டும். ஆகவே எங்கள் பள்ளிப் பிள்ளைகள் ஊர் உலகத்துக்கு நேரெதிராக, வலமாக ஓடிப் பழகுகிறார்கள். அதுவும் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு.

இதற்காக மூன்று வருஷமாக நான் கொளஞ்சியப்பனோடு சண்டை போட்டுவருகிறேன். அவர் கோபித்துக்கொள்ள மாட்டார். “ஆவாது டீச்சர்” என்பார். அவ்வளவுதான். கோபித்துக்கொள்கிறவரிடம் சண்டை போடுவது சுலபம்.

இந்தச் சண்டை யாருக்காக என்றால் நர்மதாவுக்காக. கல்வராயன் மலையில் சாமையும் மரவள்ளியும் போடுகிற கரியனின் மகள். எங்கள் விடுதியில் தங்கி ஒன்பதாவது படிக்கிறாள். அவள் ஓடுவதைப் பார்த்தால் நமக்கு மூச்சு வாங்கும், அவளுக்கு வாங்காது. போன வருஷம் சங்கராபுரத்தில் நடந்த போட்டியில் நானூறு மீட்டர் ஓடினாள். நேர்ப்பாதையில் எல்லாரையும் விட்டுவிட்டு முன்னால் போனாள். வளைவு வந்தது. வலப்பக்கம் சாய்ந்தே பழகிய உடம்பு இடப்பக்கம் சாய மறுத்துவிட்டது. பக்கத்து லேனுக்குள் போய் அங்கே ஓடிக்கொண்டிருந்த பெண்ணை இடித்துவிட்டாள். தப்பு என்று நடுவர்கள் கொடியைத் தூக்கிவிட்டார்கள். அவளுக்கு அது தெரியாது. முதலாவதாகப் போய் நின்று, பெயர் படிப்பார்கள் என்று காத்துக்கொண்டிருந்தாள். நான்தான் போய் அவளிடம் சொல்ல வேண்டியிருந்தது. அந்த வேலையை எந்த டீச்சருக்கும் கொடுக்கக் கூடாது.

இந்த வருஷப் போட்டி ஆவணியில். அடுத்த வருஷம் அவள் பத்தாவது. பத்தாவது வந்துவிட்டால் எங்கள் பள்ளியில் விளையாட்டு பீரியடைக் கணக்கு சார் எடுத்துக்கொள்வார். போட்டிக்கும் அனுப்ப மாட்டார்கள். ஆக, நர்மதா ஜெயித்தால் இப்போது ஜெயிக்க வேண்டும். இல்லையென்றால் எப்போதும் இல்லை.

வேறு இடத்தில் ஓடவிடலாமே என்று கேட்பீர்கள். ரோட்டில் கரும்பு லாரிகள் போகின்றன. அதுவுமில்லாமல் ரோட்டில் நானூறு மீட்டரின் வளைவுக்கு எங்கே போவது? விடுதிக்குப் பின்னால் ஒன்றரை ஏக்கர் பின்கொல்லை சும்மா கிடக்கிறது. புதுக் கட்டடத்துக்கு ஒதுக்கிய இடம் அது. கட்டடம் வருகிற வழியாகத் தெரியவில்லை. இடுப்பளவுக்குப் புல்லும் கோரையும்தான் வந்திருக்கின்றன. அதை வெட்டித் தாருங்கள் என்று கேட்டால், ஆள் இல்லை என்பார்கள்.

ஆடி வெள்ளியன்று மெஷின் வந்து இறங்கியது. மாலை போட்டு, சக்கரங்களுக்கு எலுமிச்சம்பழம் வைத்து, பள்ளி பஸ் ஓட்டும் இளவரசனை உட்காரவைத்தார்கள். எந்தப் பக்கம் போக வேண்டும் என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. அம்மனைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு வலமாகக் கிளம்பினார்.

டெக்கின் வாய் வண்டிக்கு வலப்பக்கம் இருக்கிறது. வலமாகச் சுற்றினால் அம்மனும் வலப்பக்கம்தான். அந்த நிமிஷம் வரைக்கும் இதை ஒருத்தரும் யோசிக்கவில்லை, நானும் யோசிக்கவில்லை.

முதல் சுற்று வெளியோரம் என்பதால் ஒன்றும் தெரியவில்லை. பிள்ளைகள் கைதட்டினார்கள். கொளஞ்சியப்பன் என்னைப் பார்த்துச் சிரித்தார். சுற்று உள்ளே வர வர, வெட்டிய புல்லெல்லாம் கோயில் சுவரில் போய் அப்ப ஆரம்பித்தது. கூழ் காய்ச்ச வைத்திருந்த அண்டாவுக்குள் விழுந்தது. வாசலைத் தாண்டும்போது ஒரு கொத்து ஈரப் புல் உள்ளே போய் விளக்கை அணைத்தது. அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. அடுத்ததாக ஒரு சத்தம் கேட்டது. வாழ்முனியின் மீசையில் ஒரு பக்கத்து நுனி பெயர்ந்து கீழே கிடந்தது.

கொளஞ்சியப்பன் வண்டிக்குக் குறுக்கே ஓடினார். இளவரசன் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கி நேராக அம்மன் முன்னால் போய் விழுந்து கும்பிட்டார்.

“கல்லு பறக்கும்னு சொன்னேனே சார்” என்றேன். அந்த நேரத்தில் சொல்லியிருக்க வேண்டாம். ஆனால் அப்போது சொல்லாவிட்டால் வேறு எப்போது சொல்வது?

“பசங்க மேல விழும்னுதான் சொன்னீங்க. அம்மன் மேல விழும்னு சொல்லலியே” என்றார்.

மறுநாள் முழுக்க ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். சுற்றாமல் நேர்கோடாகப் போய்விட்டு வரலாம் என்றார் கணக்கு சார். போகும்போது சரி, திரும்பி வரும்போது வாய் அம்மன் பக்கம் வந்துவிட்டது. வாயைத் தகரம் வைத்து மூடினார்கள். ஈரப் புல் உள்ளேயே சுருண்டு அடைத்துக்கொண்டு, பெல்ட் கருகுகிற வாடை வந்தது. கோயிலைச் சுற்றித் தார்ப்பாய் கட்டலாம் என்று ஒருவர் சொன்னார். அம்மனை மூட்டை கட்டுவதா என்று தாளாளர் கேட்ட கேள்வியில் அவர் எழுந்து போய்விட்டார்.

இளவரசனின் யோசனைதான் எல்லாவற்றையும் தூக்கிச் சாப்பிட்டது.

“வண்டிய எதிர்ப்பக்கம் பாத்து நிறுத்திடறேன் சார். ரிவர்ஸ்லயே ஓட்றேன். வண்டி வலமாதான் போவும். வாய் வெளிப்பக்கம் இருக்கும்.”

எல்லாரும் கையை அசைத்து, காற்றில் வட்டம் போட்டுப் பார்த்தார்கள். கணக்கு சார் தரையில் குச்சியால் கோடு போட்டுப் பார்த்து, சரிதான் என்றார். கொளஞ்சியப்பன் முகத்தில் உயிர் வந்தது. இளவரசன் கழுத்தைத் திருப்பிப் பின்னால் பார்த்தபடி ரிவர்ஸ் போட்டார். வண்டி போனது, பிளேடு நின்றுவிட்டது. டீலருக்குப் போன் போட்டால், பின்னால் போகும்போது யார் காலாவது மாட்டிவிடக் கூடாது என்று கம்பெனியிலேயே அப்படி வைத்திருக்கிறார்கள் என்றார்.

எனக்குப் பொறுமை போய்விட்டது. “எடமா ஓட்டுனா தீந்துச்சு சார். புல்லெல்லாம் வெளியில போயிடும். ரோட்ல போற கொழந்தைக்குக்கூடத் தெரியும்” என்றேன்.

வேப்பமரத்து நிழலில் நின்று கொளஞ்சியப்பன் வெகுநேரம் யோசித்தார். கடைசியில், “அம்மனையே கேட்டுடலாம்” என்றார்.

எங்கள் பக்கம் பூ போட்டுக் கேட்பது உண்டு. சிவப்பு அரளி ஒன்று, வெள்ளை அரளி ஒன்று, இரண்டையும் வெற்றிலையில் தனித்தனியாக மடித்து அம்மன் காலடியில் வைப்பார்கள். ஒரு சின்னப் பிள்ளை ஒன்றை எடுக்க வேண்டும், வெள்ளை வந்தால் சம்மதம். ஒன்றாம் வகுப்பு சுபஸ்ரீயைக் கூட்டிவந்தார்கள். பாதித் தூக்கத்தில் வந்தவள் ஒரு மடிப்பை எடுத்தாள். வெள்ளை. மெஷின் இடமாகச் சுற்றலாம் என்று அம்மன் உத்தரவு கொடுத்துவிட்டாள்.

இளவரசன் இடமாக ஓட்டினார். புல் வெளிப்பக்கம் பறந்தது. கோயில்மீது ஒரு துரும்பு விழவில்லை. பிள்ளைகளை வகுப்புக்குள் வைத்துப் பூட்டிவிட்டு நான் வராந்தாவில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்று வருஷமாக எந்தப் பக்கம் போக விடுங்கள் என்று கெஞ்சினேனோ அந்தப் பக்கம் ஒரு மெஷின் போகிறது. ஒரே வாரத்தில் அதற்கு உத்தரவு கிடைத்துவிட்டது. எனக்கு அழுகை வந்தது. அவ்வளவும் ஆத்திரம்.

நேராகத் தாளாளர் அறைக்குப் போனேன்.

“மெஷின் எடமா சுத்தலாம்னா புள்ளைங்க ஏன் சார் சுத்தக் கூடாது?”

“மெஷினுக்கு ஏது டீச்சர் காலு? காலால நடந்து சுத்தறதுதான் கணக்கு. அது வெறும் சக்கரம்.”

“மேல இளவரசன் உக்காந்துக்கினு போறாரே. அவருக்குக் காலு இல்லியா?”

“அவன் காலு தரையில படல.”

என்ன செய்வீர்கள் இப்படிப்பட்ட மனிதரை? விடக்கூடாது என்று முடிவுசெய்தேன். காலையில் கேட்டேன், மதியம் கேட்டேன், அவர் பைக்கை உதைக்கும்போது முன்னால் போய் நின்று கேட்டேன். செருப்புப் போட்டு ஓடினால் அது பிரதட்சிணக் கணக்கிலேயே வராது, ஆகவே செருப்போடு ஓடவிடுங்கள் என்றுகூட வாதாடினேன். செருப்பு என்றதும் காதைப் பொத்திக்கொண்டார். ஆனாலும் அவர் களைத்துவிட்டார் என்பது தெரிந்தது. ஒருநாள் சாயங்காலம் கையெடுத்துக் கும்பிட்டார்.

“என்னைய வுடுங்க டீச்சர். மெஷின் எடமா சுத்தறதப் பாத்தே எனக்கு வூட்டுல சோறு எறங்கல. புள்ளைங்களா இஷ்டப்பட்டு ஓடுனா ஓடட்டும். நான் ஓடுன்னும் சொல்ல மாட்டேன், ஓடாதன்னும் சொல்ல மாட்டேன்.”

அது போதும் எனக்கு. படியில் இறங்கி ஓடினேன். நர்மதா மைதானத்து ஓரத்தில் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுப் பின்னலைத் தூக்கிக் கட்டிக்கொண்டிருந்தாள்.

“பர்மிஷன் வாங்கிட்டேன்டி. இன்னையிலேர்ந்து எடமா ஓடு.”

அவள் கோயிலைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். “வேணாம் மிஸ்” என்றாள்.

“யாரு இன்னா சொன்னா உன்கிட்ட?”

“யாரும் ஒண்ணும் சொல்லல மிஸ். நான் தெனமும் அம்மனக் கும்பிட்டுட்டுத்தான் ஓட ஆரம்பிக்கறேன். கும்பிட்டுட்டு எடமா சுத்துனா நல்லா இருக்காது.”

“தாளாளரே ஒத்துக்கினாரு.”

“அவரு ஒத்துக்கினாரு மிஸ். எனக்கு மனசு வரல.”

“சங்கராபுரத்துல எடமாதான ஓடப்போற? அங்க மட்டும் மனசு வருமா?”

“அங்க நடுவுல யாரும் இல்லியே மிஸ்.”

“மூணு வருஷமா அந்த ஆளுகிட்ட தொண்ட கிழியக் கத்திக்கினு இருக்கறேன். யாருக்காகன்னு நெனச்ச?” என்று அவள்மீது பாய்ந்தேன். பக்கத்தில் நின்ற பிள்ளைகள் மெல்ல நகர்ந்தார்கள்.

நர்மதா தரையைப் பார்த்தபடி நின்றாள். பிறகு மெதுவாக, “நீங்க என்னைய கேக்கவே இல்லியே மிஸ்” என்றாள்.

திரும்பி நடந்துவிட்டேன். கொளஞ்சியப்பனாவது ஆர்டர் போட்டுவிட்டுப் பிறகு கேட்கிறவர். நான் அதைக்கூடச் செய்யவில்லை. அன்றைக்கு வீட்டுக்குப் போயும் ஆறவில்லை. அவள்மீது கோபம், அவர்மீது கோபம், அந்தச் சிவப்பு வண்டிமீதும் கோபம்.

மறுநாள் காலையில் தாளாளர் கூப்பிட்டனுப்பினார். முகமெல்லாம் சிரிப்பு.

“உங்களுக்கு ஒரு சந்தோஷமான சேதி டீச்சர். டீலர்கிட்ட பேசிட்டேன். சைடு டெக்க எடுத்துக்கினு பின்னாடி தள்றத மாட்டித் தர்றாங்களாம். நாளைக்கே வர்றாங்க. இனிமே வலமாவே ஓட்டலாம், கல்லும் பறக்காது. மொதல்லயே நீங்க சொன்னீங்க, நான்தான் கேக்கல.”

மூன்று வருஷத்தில் அவர் என்னிடம் தோற்றதாக ஒத்துக்கொண்டது அதுதான் முதல்முறை. எனக்குச் சிரிப்பதா, மேஜையில் முட்டிக்கொள்வதா என்று தெரியவில்லை. மெஷினும் வலமாகப் போகப்போகிறது, பிள்ளையும் வலமாகவே ஓடப்போகிறாள், போட்டிக்கு நாள் நெருங்கிவிட்டது. முதலில் நான் கேட்ட டெக் மட்டும் கச்சிதமாகக் கிடைத்துவிட்டது.

சரி என்று சொல்லிவிட்டு எழுந்தேன். கதவுவரைக்கும் போனேன். ஜன்னல் வழியாக விடுதிச் சுவர் தெரிந்தது, சுவருக்கு அப்பால் பின்கொல்லையின் புல் தலையாட்டிக்கொண்டிருந்தது. அங்க நடுவுல யாரும் இல்லியே மிஸ். நேற்றிலிருந்து அந்தச் சொல் காதிலேயே நின்றிருந்தது. அதைக் கேட்டுக் கோபப்பட்டேனே தவிர, மனசில் வாங்கவில்லை. திரும்பி வந்து உட்கார்ந்தேன்.

“சார், சைடு டெக்கு இன்னைக்கு எனக்கு வேணும்.”

கொளஞ்சியப்பன் சிரிப்பை நிறுத்தினார். “நீங்கதான டீச்சர் சைடே வேணாம்னீங்க?”

“அன்னிக்கி வேணாம்னேன். இன்னிக்கி வேணும். பின்கொல்லைய வெட்டணும்.”

“அங்க பில்டிங்கு வருது.”

“எப்ப வருது?”

அவர் மின்விசிறியைப் பார்த்தார். “வரும்.”

“வர்ற வரைக்கும் புள்ளைங்க ஓடட்டும். இடுப்பு ஒசரப் புல்லு சார் அது. ஒசந்த புல்லு, ஈரப் புல்லுன்னா சைடுதான் அடைக்காம தள்ளும். நீங்கதான சொன்னீங்க? நாளைக்கி வர்ற டெக்கு அங்க போனா ரெண்டடியில நின்னுடும்.”

தன் வார்த்தையையே நான் திருப்பிச் சொன்னது அவருக்குப் பிடித்திருந்தது. ஆனாலும் ஒரு சந்தேகம் மிச்சம் இருந்தது.

“அங்கேர்ந்து பாத்தா அம்மன் தெரியுமா?”

“விடுதிச் சுவரு மறைக்குது.”

“சுத்தற வட்டத்துக்கு நடுவுல ஏதாவது இருக்குதா? பழைய கல்லு, கில்லு?”

“ஒண்ணும் இல்ல சார். வெறும் மண்ணு.”

மேஜை டிராயரைத் திறந்து வண்டிச் சாவியை எடுத்து என் பக்கம் தள்ளினார். “சாயங்காலத்துக்குள்ள முடிச்சிடுங்க. காலையில கழட்ட வந்துடுவாங்க” என்றார்.

விடுதிப் பக்கத்து ஜன்னல்களையெல்லாம் சாத்தச் சொல்லிவிட்டு நானும் இளவரசனும் பின்கொல்லையில் இறங்கினோம். நான் முன்னால் தடியோடு போய்ப் புல்லை அடித்துப் பாம்பு இருந்தால் விரட்டினேன், கையில் அகப்பட்ட கல்லையெல்லாம் பொறுக்கி வெளியே எறிந்தேன். கயிறு பிடித்து வட்டம் அளந்து குச்சி நட்டேன்.

“எந்தப் பக்கம் சுத்தறது மேடம்?” என்று இளவரசன் கேட்டார். இனி எதையும் கேட்காமல் செய்வதில்லை என்று அவர் முடிவுசெய்திருந்தார் போலிருக்கிறது.

“எடமா.”

அவர் சுற்றிலும் ஒருமுறை பார்த்தார். கும்பிட ஒன்றும் இல்லாததால் ஸ்டியரிங்கைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு கிளம்பினார். முதலில் டெக்கை உயரத் தூக்கிவைத்து ஒரு சுற்று, பிறகு இறக்கி இன்னொரு சுற்று. வண்டி முக்கியது, திணறியது, ஆனால் நிற்கவில்லை. வாய் வழியாகப் பச்சையாகக் கொட்டிக்கொண்டே போனது. இந்தப் புல்லில் பின்னால் தள்ளும் டெக் ஒன்றும் செய்திருக்க முடியாது. கொளஞ்சியப்பன் சொன்னது சரிதான். அந்த எரிச்சலோடேயே நான் கல் பொறுக்கினேன்.

மதியத்துக்கு மேல் ஒரு தூறல் விழுந்தது. சாயங்காலம் பள்ளி விட்டபோது பாதை தயாராக இருந்தது. அழகு என்று சொல்ல மாட்டேன். சில இடங்களில் மேடு, சில இடங்களில் கோரையின் அடிக்கட்டை. நடுவில் வெட்டாமல் விட்ட புல்லில் நான் நிற்பதற்கு மட்டும் ஒரு பாய் அகலத்துக்கு வெட்டச் சொல்லியிருந்தேன். மழை இப்படியே பெய்தால் ஆவணிக் கடைசியில் பாதை மறுபடி மூடிவிடும். அதற்குள் போட்டி வந்துவிடும்.

நர்மதாவைக் கூட்டிவரச் சொன்னேன். வந்தவளிடம் ஓடு என்று சொல்லவில்லை. “இங்க ஓடறியா?” என்று கேட்டேன். அப்படிக் கேட்பது எனக்கு வாயில் வரவில்லை, கஷ்டப்பட்டுத்தான் கேட்டேன்.

அவள் பாதையைத் தாண்டி நடுவில் இருந்த புல்லுக்குள் போய், காலால் விலக்கி விலக்கிப் பார்த்தாள். அந்தப் பக்கம் போய்ப் பார்த்தாள்.

“நடுவுல ஒண்ணும் இல்லியே மிஸ்? நட்ட கல்லு, சூலம்?”

“காலையிலேர்ந்து ஒவ்வொரு கல்லா நான்தான் பொறுக்குனேன். ஒண்ணும் இல்ல.”

“அப்ப இங்க ஷூ போட்டுக்கலாமா?”

“போட்டுக்க.”

விடுதிக்கு ஓடிப்போய் ஷூவை எடுத்துவந்தாள். போன வருஷம் சங்கராபுரத்துக்காக நான் வாங்கிக் கொடுத்தது. அன்றைக்கு ஒருநாள் போட்டதோடு சரி. மடித்துவைத்த பிளாஸ்டிக் பையிலேயே இன்னும் இருந்தது. உட்கார்ந்து கயிற்றை இறுக்கிக் கட்டினாள்.

வளைவு முழுவதும் தெரிய வேண்டும் என்றால் நடுவில்தான் நிற்க வேண்டும். ஸ்டாப்வாட்சோடு நான் நடுவில் போய் நின்றேன். விசில் ஊதினேன்.

முதல் வளைவில் அவள் வெளியே போய்ப் புல்லுக்குள் விழுந்தாள். எழுந்து ஓடினாள். அடுத்த வளைவிலும் கால் வெளியே இழுத்துக்கொண்டு போனது. “எடது தோள உள்ள சாயி, வலது கையப் பெருசா வீசு” என்று கத்தினேன். மறுபடி மறுபடி ஓடவிட்டேன். ஒவ்வொரு சுற்றுக்கும் உடம்பு கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்ன பேச்சைக் கேட்டது. கடைசியில் ஒரு வளைவு வந்தது. மலையிலிருந்து இறங்குகிற பிள்ளை கல்லுக்குக் கல் கால் வைப்பது போல, யோசிக்காமல் சாய்ந்து, பாதையின் உள்ளோரத்தை ஒட்டியே திரும்பி வந்துவிட்டாள். நான் வாட்ச்சை அழுத்த மறந்துவிட்டேன். போன வருஷம் கொடியைத் தூக்கவைத்தது இதே மாதிரி வளைவுதான்.

அடுத்த சுற்றில் பாதி வளைவில் சட்டென்று நின்றாள். மூச்சு வாங்க என்னையே பார்த்தாள்.

“ஏன்டி நிக்கற? நல்லாதான வந்த?”

“மிஸ், நடுவுல நீங்க நிக்கிறீங்க.”

“நின்னா இன்னா?”

“உங்கள எடமா சுத்திக்கினு இருக்கறேனே மிஸ்.”

அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. முகத்தில் நிஜமான கவலை இருந்தது. மூன்று வருஷத்துக் கத்தல், டெக், அரளிப்பூ, முனியின் மீசை எல்லாம் ஒன்றாக ஞாபகத்துக்கு வந்தது. திட்டத்தான் வாயைத் திறந்தேன்.

“எனக்கு ஒண்ணும் ஆவாது” என்றேன். “நீ சுத்து.”

விசிலை ஊதினேன்.